இருபரிமாண டிசைன் வகுப்பு: படம் எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

முதலாண்டு ஓவிய வகுப்பின் பயிற்சிகள் பார்வைக்கு எளிமையானவை. கறுப்புக் காகிதத்தில் நாலு சதுரம் வெட்டி ஒட்டு, சாம்பலில் ஒன்பது படி பூசு, ஒரே நிறத்தை இரண்டு நிறமாகக் காட்டு. முடித்துச் சுவரில் மாட்டியதும் ஏதோ இடிக்கிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. "எனக்குக் கை வராது" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுவது அப்போதுதான். ஆனால் பெரும்பாலும் கையில் குறை இருப்பதில்லை. கண் குறை சொல்லும் இடம் ஒன்று, குறை இருக்கும் இடம் வேறு. நிறம் மங்கல் என்று அந்த நிறத்தையே மூன்று முறை மாற்றுகிறோம். மாற்ற வேண்டியது அதன் பக்கத்தில் இருப்பதை.

அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் தொடும் முன்

படத்தை மேசையிலிருந்து எடுத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேசையில் சாய்ந்து பார்க்கும்போது தாளின் மேல்பகுதி சுருங்கித் தெரியும், அளவுகள் எல்லாம் பொய் சொல்லும். ஏழெட்டு அடி பின்னால் போய்க் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். என்ன வரைந்தோம் என்பது மறந்து, எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரியும்.

போனில் படமெடுத்து நிறத்தை நீக்கிப் பார்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் அதை இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடர்சிவப்பையும் அடர்நீலத்தையும் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது போன் கணக்கு சில சமயம் கண்ணோடு ஒத்துப்போவதில்லை.

அறிகுறி: நிறம் நிறைய இருக்கிறது, ஆனாலும் படம் மங்கலாகத் தட்டையாக இருக்கிறது

முதலாண்டில் அதிகம் வரும் நோய் இது. நிறம் போதவில்லை என்று தோன்றும், உடனே இன்னொரு ட்யூபைத் திறப்போம். காரணம் கிட்டத்தட்ட எப்போதுமே டோன், அதாவது ஒவ்வொரு இடமும் எவ்வளவு வெளிர், எவ்வளவு கருமை என்பது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு நிறம் போட்டிருப்பீர்கள். நிறத்தை நீக்கிப் பார்த்தால் ஆறும் ஒரே சாம்பலாக இருக்கும். கண்ணைப் பொறுத்தவரை அங்கே ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு நிறத்துக்கும் பிறவியிலேயே ஒரு டோன் உண்டு. மஞ்சள் முழுச் செறிவோடு, அதாவது மங்காத பளிச் நிறமாக, இருக்கும்போதே வெளிர். ஊதா முழுச் செறிவோடு இருக்கும்போதே கருமை. சிவப்பும் பச்சையும் நடுவில், பல சமயம் பக்கத்துப் பக்கத்தில். அதனால்தான் மஞ்சளும் ஊதாவும் வைத்த படம் தானாகவே எடுப்பாக நிற்கிறது, சிவப்பும் பச்சையும் வைத்தது கலங்கிப்போகிறது. மஞ்சளைக் கருமையாக்கப் பார்த்தால் அது மஞ்சளாகவே இருக்காது, பாசிப்பச்சைப் பக்கம் போய்விடும். கருமை வேண்டுமானால் வேறு நிறத்தைத்தான் கேட்க வேண்டும்.

தீர்வு: நிறத்தைத் தொடாதீர்கள். ஒரு சின்னத் தாளில் உங்கள் படத்தை வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு மூன்றால் மட்டும் போட்டுப் பாருங்கள். மூன்றில் படம் நிற்கவில்லை என்றால் முப்பது நிறத்திலும் நிற்காது. நின்றுவிட்டால், ஒவ்வொரு பகுதிக்கும் அந்தச் சாம்பலின் கருமைக்கு ஈடான நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் சமபங்காக வேண்டாம். ஒன்று பெரும்பகுதி, ஒன்று கொஞ்சம், ஒன்று துளி. சமமாகப் பிரித்தால் மறுபடியும் தட்டையாகிவிடும்.

அறிகுறி: சாம்பல் படிக்கட்டு ஒழுங்காக ஏறவில்லை

வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பதோ பத்தோ படி. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் நிறங்களுக்கு வகுத்த முறையில் கறுப்பு 0, வெள்ளை 10. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தப் படிக்கட்டு மாணவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. இதில் இரண்டு விதமான புகார்கள் வரும்.

ஒன்று: முதல் மூன்று படி சரியாக இருக்கும், திடீரென்று கருமைக்குக் குதித்துவிடும், கடைசி நாலும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளையும் கறுப்பும் சமமாகக் கலந்தால் நடுச்சாம்பல் வரும் என்று நினைப்பதால் வருவது இது. வராது. கறுப்பு பெயின்ட்டின் வீரியம் அதிகம். அதோடு, கண்ணுக்கு நடு என்று படும் சாம்பல் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கண்ணின் பாதியும் கணக்கின் பாதியும் ஒன்றல்ல. அளவைப் பார்த்துக் கலக்காமல் கண்ணைப் பார்த்துக் கலக்குங்கள். வெள்ளையில் கறுப்பைத் தூரிகை நுனியால் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், கறுப்பில் வெள்ளையை அல்ல. முதலில் நடுப்படியைப் பிடியுங்கள், அப்புறம் நடுவுக்கும் வெள்ளைக்கும் நடு, நடுவுக்கும் கறுப்புக்கும் நடு என்று பிரித்துக்கொண்டே போங்கள். வரிசையாக 1, 2, 3 என்று போனால் கடைசியில் இடம் போதாது.

போஸ்டர் கலரிலும், அதைப் போலவே தண்ணீரில் கலந்து அடர்த்தியாகப் பூசும் குவாஷிலும் இன்னொரு வம்பு உண்டு. வெளிர் நிறங்கள் காய்ந்ததும் கொஞ்சம் கருக்கும், கரு நிறங்கள் காய்ந்ததும் கொஞ்சம் வெளுக்கும். ஈரத்தில் பொருத்தியது காய்ந்ததும் பொருந்தாது. ஒவ்வொரு கலவையையும் துண்டுத் தாளில் தடவி, காயவைத்து, பிறகு ஒப்பிடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், வேறு வழியில்லை.

இரண்டாவது புகார் சுவாரசியமானது: "ஒவ்வொரு கட்டத்தையும் சமமாகத்தான் பூசினேன், ஆனால் ஒரு ஓரம் வெளிறியும் மறு ஓரம் கருத்தும் தெரிகிறது." திரும்பப் பூசிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஓட்டை வெட்டி, அந்தக் கட்டத்தை மட்டும் காட்டும்படி மேலே வையுங்கள். ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டால் உங்கள் பூச்சில் குறையில்லை. கருமையான படியை ஒட்டிய ஓரம் வெளிறியதாகவும், வெளிரான படியை ஒட்டிய ஓரம் கருத்ததாகவும் நம் கண்தான் கூட்டிக் காட்டுகிறது. படிக்கட்டு சரியாக அமைந்தால்தான் இது நன்றாகத் தெரியும் என்பதால், இந்தப் புகாரோடு வருபவரை நான் பாராட்டித்தான் அனுப்புவேன்.

அறிகுறி: வடிவங்கள் தாளில் மிதக்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டவில்லை

சதுரத்தை நகர்த்துகிறீர்கள், வட்டத்தைப் பெரிதாக்குகிறீர்கள், எதுவும் உதவவில்லை. அப்படியானால் வடிவத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். வடிவங்கள் தாளின் எந்த விளிம்பையும் தொடாமல் நடுவில் கூடியிருந்தால், மீதி இடம் முழுக்க ஒரே துண்டு. அதற்கு உருவமே கிடையாது, அது வெறும் தாள். வெற்றிடத்துக்கும் உருவம் வேண்டும்.

1915-ல் எட்கர் ரூபின் என்ற டென்மார்க் உளவியலாளர் காட்டிய குவளைப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ஒரு முறை பார்த்தால் குவளை, மறுமுறை எதிரெதிரே இரண்டு முகங்கள். எல்லைக்கோடு ஒன்றுதான், அது எந்தப் பக்கத்துக்குச் சொந்தமோ அந்தப் பக்கம் உருவாகிறது, மற்றது பின்னால் போய்விடுகிறது. கறுப்புக் காகிதப் பயிற்சி கொடுப்பதே இந்த எல்லைக்கோட்டை இரண்டு பக்கத்துக்கும் பங்கு போடப் பழகத்தான்.

செய்ய வேண்டியது: வடிவங்களில் ஒன்றிரண்டையாவது விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட விடுங்கள். உடனே வெற்றிடம் துண்டுகளாகப் பிரியும். அந்தத் துண்டுகளைத் தனியே டிரேஸிங் தாளில் எடுத்து உள்ளே கறுப்படியுங்கள். பெரிது, நடுத்தரம், சிறிது என்று வேறுபட்டு இருக்கின்றனவா? இருந்தால் சரி. எல்லாம் ஒரே அகலப் பட்டைகளாக இருந்தால் இடைவெளியை மாற்றுங்கள்.

ஒட்டாமல் போவதற்கு இன்னொரு காரணம், இடைவெளிகள் எல்லாம் சமமாக இருப்பது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒரு கூட்டமாகச் சேர்க்கும், ஒரே மாதிரி இருப்பதையும் சேர்க்கும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-ல் எழுதிவைத்த விதிகள் இவை. ஏழு வடிவங்களைச் சமதூரத்தில் வைத்தால் கண்ணுக்கு ஏழு தனி ஆட்கள். நாலை நெருக்கி, இரண்டைத் தள்ளி, ஒன்றைத் தனியே விட்டால் மூன்று குழு. படிக்க வேண்டிய வேலை பாதியாகிவிடும்.

வடிவங்கள் ஒன்றையொன்று மயிரிழையில் உரசி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். வட்டத்தின் ஓரம் சதுரத்தின் மூலையைச் சரியாகத் தொடும், அல்லது முக்கோண முனை தாள் விளிம்பை முட்டி நிற்கும். கண் அந்த முட்டலிலேயே போய் மாட்டிக்கொள்ளும். ஒன்று நன்றாக மேலே ஏற்றுங்கள், இல்லை நன்றாகத் தள்ளி வையுங்கள். நடுவில் நிற்க விடாதீர்கள். மாணவர் படத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம், பலன் பெரிது.

அறிகுறி: கண் எங்கும் நிற்கவில்லை, அல்லது வேண்டாத இடத்தில் போய் நிற்கிறது

நிற்கவில்லை என்றால் எல்லாமே சத்தம் போடுகிறது என்று பொருள். முக்கியமான இடத்தை இன்னும் எடுப்பாக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதுதான் பலன் தராதது. மற்ற இடங்களை அடக்குங்கள். அவற்றின் டோன் வேறுபாட்டைக் குறையுங்கள், விளிம்புகளை மென்மையாக்குங்கள், அலங்காரத்தை எடுத்துவிடுங்கள். முக்கிய இடத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

வேண்டாத இடத்தில் நிற்கிறது என்றால், படத்தில் மிகக் கருமையானதும் மிக வெளிரானதும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று தேடுங்கள். கண் அங்கேதான் போயிருக்கும். அந்த இடத்தை ஒரு விரலால் மறைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். மூலைகளை மறக்க வேண்டாம். மூலையை நோக்கிப் போகும் சாய்கோடு கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். முக்கியமானதைச் சரிநடுவில் வைத்தால் கண் அங்கேயே குடியிருந்துவிடும், மற்ற இடத்துக்குப் போகாது. சில படங்களுக்கு அது வேண்டியதாகவே இருக்கலாம். வேண்டுமென்றே வைத்தீர்களா, வேறு இடம் தோன்றாமல் வைத்தீர்களா என்பதுதான் கேள்வி.

அறிகுறி: படம் ஒரு பக்கம் சாய்கிறது

எடை என்பது அளவு மட்டுமல்ல. கருமை, செறிந்த நிறம், நெருக்கமான இழைநயம், தனிமை எல்லாமே எடை. பெரிய வெளிர்ச் சதுரத்துக்கு ஈடாகச் சின்னக் கறுப்புப் புள்ளி போதும், அது நடுவிலிருந்து தள்ளி இருந்தால். எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்துச் சரிக்கட்டாதீர்கள். தலைகீழாக்கியும் சாய்வு அதே பக்கம் தெரிந்தால் உங்கள் பழக்கம் காரணம், இல்லாவிட்டால் படம்.

அறிகுறி: நிறம் கலந்தால் சேறாகிறது

ட்யூபில் "நீலம்" என்று இருப்பதை நம்ப வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு, தாலோ நீலத்தில் பச்சைச் சாயல் உண்டு. லெமன் மஞ்சளோடு தாலோவைக் கலந்தால் பளிச்சென்ற பச்சை. அல்ட்ராமரைனைக் கலந்தால் மங்கிய பச்சை, ஏனென்றால் அதிலிருந்த சிவப்பும் உள்ளே வந்துவிட்டது. மூன்று முதன்மை நிறங்களும் எந்த வழியாகவாவது சந்தித்துக்கொண்டால் சேறுதான். ஆரஞ்சு சாய்ந்த சிவப்போடு நீலம் சேர்த்து ஊதா கேட்பவர்களுக்குப் பழுப்பு கிடைப்பதும் இதனால்தான். ஊதாவுக்கு ரோஸ் சாய்ந்த சிவப்பு வேண்டும்.

தாலோ பயங்கர வீரியமுள்ளது. மஞ்சளில் அதைத் துளி சேருங்கள். அதில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் ட்யூப் காலியாகிவிடும். தண்ணீருக்கு இரண்டு பாத்திரம் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. நிறத்தைக் கருமையாக்கக் கறுப்பும் வெளுப்பாக்க வெள்ளையும் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். செறிவைக் குறைக்க எதிர்நிறம் துளி போதும்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு.

சேறு எல்லாமே கெட்டதும் அல்ல. மங்கிய நிறங்கள் சுற்றிலும் இருந்தால்தான் ஒரு பளிச் நிறம் பளிச்சென்று இருக்கும்.

அறிகுறி: தட்டில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்

கலக்கும்போது அழகான சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் பூசியதும் பச்சையடிக்கிறது. பெயின்ட்டைக் குறை சொல்லும் முன் பழைய கதை ஒன்று. பாரிஸின் கோப்லன் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்புச் சாயத்தில் வலுவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும் என்ற விதியை 1839-ல் வெளியிட்டார்.

உங்கள் சாம்பலும் அப்படித்தான். பச்சையடிப்பது பிடிக்கவில்லை என்றால் சாம்பலில் துளி சிவப்புச் சேருங்கள், அல்லது பக்கத்துச் சிவப்பின் செறிவைக் குறையுங்கள். "ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டு" பயிற்சியில், ஒரே நிறத்தின் இரண்டு துண்டுகளை இரண்டு வேறு பின்னணிகளின் நடுவில் வைத்து, இதே தள்ளலைத்தான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். அது வரவில்லை என்றால் இரண்டு காரணம். நடுவில் வைத்த துண்டு பெரிதாக இருக்கும், அல்லது பின்னணிகள் போதிய அளவு வேறுபடாது. துண்டைச் சிறிதாக்குங்கள், பின்னணி இரண்டையும் டோனிலும் நிறத்திலும் எதிரெதிராக எடுங்கள், நடுநிறம் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். இதை வண்ணக் காகிதத்தில் செய்வதே நல்லது. ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸும் தன் மாணவர்களுக்கு நிறப் பயிற்சியில் காகிதத்தைத்தான் கொடுத்தார். பெயின்ட்டில் இரண்டு இடத்திலும் ஒரே கலவைதானா என்ற சந்தேகம் தீராது; காகிதத்தில் ஒரே தாளிலிருந்து வெட்டியது என்று காட்டிவிடலாம்.

இரண்டு நிறம் சேரும் விளிம்பு கண்ணில் நடுங்குகிறதா? எதிர்நிறங்கள் இரண்டும் ஒரே டோனில் செறிவாக இருக்கின்றன. ஒன்றை வெளிராக்குங்கள், நடுக்கம் நின்றுவிடும்.

இரவில் விளக்கொளியில் பொருத்திய நிறம் காலையில் பொருந்தாமல் போவதும் உண்டு. கடைசி முடிவைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

அறிகுறி: யோசனை நன்றாக இருக்கிறது, வேலை அழுக்காக இருக்கிறது

பூச்சு வரிவரியாக வந்தால் பெயின்ட்டில் தண்ணீர் அதிகம், காய்ந்து வெடித்தால் பூச்சு தடிமன் அதிகம். பாலாடை பதம் வேண்டும். முழுப் பகுதிக்கும் தேவையானதை ஒரே முறையில் கலந்துகொள்ளுங்கள், பாதியில் மறுபடி கலந்தால் அந்த நிறம் திரும்ப வராது. முதல் பூச்சு காய்ந்த பிறகு குறுக்கே இரண்டாவது.

மாஸ்கிங் டேப் தாளின் தோலை உரித்தால், ஒட்டும் முன் அதைத் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். எடுக்கும்போது மேலே இழுக்காமல், தன் மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்தால் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தவில்லை, அல்லது பெயின்ட் நீர்த்திருக்கிறது.

கட்டர் வெட்டு பிசிறினால் பிளேடு மழுங்கிவிட்டது. பலம் கொடுக்காதீர்கள், விரல்தான் போகும். புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், ஒரே அழுத்தத்துக்குப் பதில் லேசாக மூன்று இழுப்பு. ஒட்டிய காகிதம் சுருங்கினால் பசையில் தண்ணீர் அதிகம். க்ளூ ஸ்டிக்குக்கு மாறி, ஓரம் வரை தடவி, மேலே சுத்தமான தாள் வைத்துப் புத்தகங்களால் அழுத்துங்கள். ஈரப் பெயின்ட்டில் தாள் நெளிந்தால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவுக்குத் தடிமனான தாளுக்குப் போங்கள்.

அறிகுறி: சின்ன முன்வரைவில் உயிரோடு இருந்தது, பெரிதாக்கியதும் போய்விட்டது

முதலில் அளவு விகிதத்தைப் பாருங்கள். முன்வரைவுக் கட்டத்தைத் தாளின் கீழ் இடது மூலையில் வைத்து, அதன் மூலைவிட்டத்தை நீட்டுங்கள். அது தாளின் எதிர்மூலையில் போய்ச் சேரவில்லை என்றால் நீங்கள் வரைந்தது வேறு விகிதத் தாளுக்கு. நீட்டியோ குறுக்கியோ பொருத்தும்போது இடைவெளிகள் கெட்டிருக்கும்.

விகிதம் சரி என்றால் கோடுகளில் சந்தேகம். முன்வரைவில் பென்சில் கோடு வடிவத்தோடு ஒப்பிட்டால் தடிமனாக இருந்தது. பெரிய தாளில் அதே பென்சில் நூல் போல ஆகிவிட்டது. கோட்டையும் அதே மடங்கு பெருக்குங்கள். வேகமாகப் போட்டதில் இருந்த ஏற்ற இறக்கத்தை ஸ்கேல் வைத்துத் திருத்திவிட்டீர்களா என்றும் பாருங்கள். முன்வரைவைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித் தடம் எடுப்பதில் தவறொன்றுமில்லை.

அறிகுறி: விமர்சன வகுப்பில் சொன்னது புரியவில்லை

"கொஞ்சம் அடைசலா இருக்கு", "இன்னும் தள்ளிப் போகணும்", "ஒட்டலையே" என்று சொல்வார்கள். தீர்வையும் சேர்த்தே சொல்வார்கள்: "அந்தச் சிவப்பை எடுத்துடு." தீர்வை எழுதிக்கொள்ள வேண்டாம், அறிகுறியை எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பை எடுக்கச் சொன்னவரின் கண் அங்கே மாட்டிக்கொண்டது என்பது மட்டும் உறுதி. காரணம் சிவப்பாகவும் இருக்கலாம், அதன் பக்கத்தில் இருக்கும் வெள்ளையாகவும் இருக்கலாம்.

"எங்கே முதலில் கண் போச்சு? அப்புறம் எங்கே?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. மூன்று பேர் மூன்று இடத்தைச் சொன்னால், மேலே சொன்ன "கண் எங்கும் நிற்கவில்லை" பகுதிக்குப் போங்கள்.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அசலில் வேண்டாம், நகலெடுத்த தாளிலோ, மேலே வைத்த காகிதத் துண்டிலோ செய்து பாருங்கள். நாலு மாற்றம் செய்தும் படம் அசையவில்லை என்றால் மூன்று டோன் முன்வரைவுக்குத் திரும்பிப் போய்ப் புதிதாகத் தொடங்குவதே சீக்கிரம் முடியும் வழி.